வந்து சேராத எடை

நிரல் எழுதுவது ஒரு வேலை. எழுதியதை நெல் ஆலையின் கம்ப்யூட்டரில் ஓடவைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு இப்போது மரியாதையே இல்லை. "பில்டு பண்றதெல்லாம் ஒரு வேலையா சார்? ஒரு கட்டளை அடிச்சா முடிஞ்சுது" என்று போன குறுவை அறுவடையின்போது ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். பாபநாசம் பக்கத்து அரவை ஆலை ஒன்றின் எடைமேடை நிரலைப் புதுப்பித்தவர் அவர்தான்.

ஓகேமல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் அது. சீரியல் போர்ட்டைப் படிக்க ஒரு சின்ன புராசஸ், சீட்டு அடிக்கவும் கணக்கு எழுதவும் இன்னொன்று, நடுவில் பைப். அந்தச் சின்ன புராசஸைத் தொடங்க, ஓடும் புராசஸையே நகலெடுக்கும் ஃபோர்க் விண்டோஸில் கிடையாது, கிரியேட் புராசஸ்தான். ஐஐடி மெட்ராஸின் கே.சி. சிவராமகிருஷ்ணன் முன்னின்று நடத்திய மல்டிகோர் பணி, 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 பதிப்பாக வந்தபின், லினக்ஸிலும் இணையாக ஓடும் ஒரு டொமைனைத் தொடங்கிவிட்டால் ஃபோர்க் மறுத்துவிடும். நியாயமான கட்டுப்பாடுதான்.

ஆனால் என்னை வருஷக்கணக்கில் விடாத சிக்கல் பஃபர். மேடையில் லாரி நிற்கிறது. எடைக்கருவியில் எண் அசையாமல் நிற்கிறது. சின்ன புராசஸ் அதை எழுதியும்விட்டது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. ஓகேமல் தன் வெளியீட்டை 65,536 பைட் வரை கையிலேயே வைத்துக்கொள்ளும். பிரிண்ட்எஃப்பில் வரிமுடிவு போட்டாலும் வெளியே தள்ளாது. ஒரு லாரிக்கு இருபது பைட் என்றால், மூவாயிரம் லாரிக்கு மேல் வந்தால்தான் அது நிரம்பும்! பதிவுசெய்த கோப்பைக் கொடுத்து மேஜையில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. கோப்பு முடிந்ததும் புராசஸ் முடியும். முடியும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். ஆலையில் அது காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறது.

பிரிண்ட்எஃப் வரியின் கடைசியில் %! என்று இரண்டு குறி சேர்த்தால் தீர்ந்தது. இளைஞர் என்ன செய்திருந்தார் தெரியுமா? சின்ன புராசஸ் ஐந்து விநாடிக்கு ஒருமுறை தானே முடிந்து மறுபடி தொடங்கும்படி எழுதியிருந்தார். திரையில் எண் வந்தது, சரி. போர்ட் மூடித் திறக்கும் இடைவெளியில் வந்த எடை போனது போனதுதான். ஈர நெல் ஏற்றிய லாரி மறு எடைக்காக வெயிலில் நின்றால் நெல் சூடேறும், நிறம் மாறும். அந்த நஷ்டம் யார் தலையில்?

நெல் கணக்கில் விளையாடக் கூடாது என்பதற்காகவே நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸில் படித்தால் எடைக்கருவி அனுப்பும் வரியின் கடைசியில் சிஆர் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். அதை வெட்டாமல் எண்ணாக மாற்றப் போனால் நிரல் விழும். விண்டோஸின் டெக்ஸ்ட் மோடு அதைத் தானே விழுங்கிவிடுவதால், விண்டோஸில் மட்டும் சோதிப்பவருக்கு இது கண்ணில் படாது.

பில்டும் இதே கதைதான். விண்டோஸில் யுனிக்ஸ் சூழலைத் தரும் சிக்வினின் சொந்த கம்பைலரில் கட்டிய நிரல், சிக்வின் டிஎல்எல் இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கவே திறக்காது. மிங்டபிள்யூ கம்பைலரில் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. 2024-இல் வந்த, ஓகேமலின் பொதி மேலாளரான ஓபாம் 2.2 விண்டோஸிலேயே நேரடியாக வேலை செய்கிறது. இவ்வளவு வசதி வந்தும், எங்கிருந்தோ இறக்கிய டிஎல்எல்லை பென் டிரைவில் கொண்டுவந்து போடுகிறார்கள்.

ஆலை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் வாங்கும்போது மூல நிரலையும், எந்த கம்பைலரின் எந்தப் பதிப்பில் கட்டியது என்ற குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு முழு நாள் உங்கள் மேடையில், உங்கள் லாரிகளோடு ஓடிய பிறகு பணம் கொடுங்கள்.