மானாமதுரைக் கடமும் அறையின் ஓசையும்

கர்நாடக இசையின் பக்கவாத்தியங்களில் மண்ணால் ஆனது கடம். அதற்குப் பேர்போன ஊர் மானாமதுரை. மதுரையைத் தாண்டித் தென்கிழக்கே ஓடும் வைகையின் கரையில், மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்கு சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கப்பட்டது. ஒரு பொருளின் ஓசையை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு இங்குள்ள பட்டறைகளில் கண்ணால் காணக்கூடிய விடை உண்டு. சிறு கிண்ணமும் கல்லும் அறையின் ஓசையைத் திருத்துமா என்று, வீட்டில் விலையுயர்ந்த ஒலிக்கருவி வைத்திருப்போர் நடத்தும் விவாதத்தைத் தெளிவாக்கவும் அந்த விடை உதவுகிறது.

வேலை மண்ணில் தொடங்குகிறது. கண்மாய்களில் எடுத்த களிமண்ணைக் காயவைத்து, கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, நுண்மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சக்கரத்தில் வனைந்த குடம் சற்று இறுகியதும் தட்டும் வேலை. உள்ளே ஒரு கை கல்லைத் தாங்கிப் பிடிக்க, வெளியே மறு கை மரப்பலகையால் அடிக்கிறது. ஆயிரக்கணக்கான அடிகளில் மண் இறுகி, சுவர் எங்கும் ஒரே கனத்துக்கு வருகிறது. பிறகு நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். வெந்த கடத்தின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. அதனால் எந்தக் கட்டைச் சுருதிக்கு எவ்வளவு அளவு, எவ்வளவு கனம் என்பதை ஈர மண்ணிலேயே கணித்தாக வேண்டும். பட்டறையில் நின்று கவனித்தால், தட்டுபவரின் கண்ணைவிட உள்ளே இருக்கும் கைதான் அதிகம் அறிகிறது என்பது புரியும்.

கடத்தின் நாதம் இரண்டு இடங்களிலிருந்து பிறக்கிறது. சுட்ட மண்சுவர் அதிர்வதால் வருவது கணீரென்ற ஒலி. சுவர் கனமாகவும் சீராகவும் இருந்தால் அது நீண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தாலும் செத்துவிடும். மானாமதுரைக் கடம் சென்னைக் கடத்தைவிடக் கனமானது. அதன் நாதம் கூர்மையானது. வாசிக்க விரலில் அதிக வலு வேண்டும். மற்றொன்று, உள்ளே அடைபட்ட காற்றின் கீழ்நாதம். வாயிலுள்ள காற்று எடைபோலவும் உள்ளிருக்கும் காற்று சுருள்வில்போலவும் இயங்குகின்றன. இவ்வகை ஒலிக்கலங்களை 19-ஆம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 15 லிட்டர் கொள்ளளவும் 12 சென்டிமீட்டர் வாயும் 3 சென்டிமீட்டர் கழுத்தும் உள்ள குடத்துக்கு இந்த எடை-சுருள்வில் கணக்கு ஏறத்தாழ 140 ஹெர்ட்ஸ் தரும். வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் வாசிக்கும்போது மாறுவது இந்தக் காற்றின் நாதமே.

மண்ணில் பித்தளைத் தூளோ இரும்புத் துகளோ சேர்ப்பதுதான் நாதத்தின் ரகசியம் என்ற கருத்து பரவலாக உண்டு. இதைச் சோதிப்பது எளிதல்ல. கையால் செய்த இரண்டு கடங்கள் கனத்திலும் வேக்காட்டிலும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. கேட்கும் வேறுபாடு துகளால் வந்ததா, தட்டிய கையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

குடத்தைக் கொண்டு மண்டபத்தின் ஓசையைத் திருத்தும் முயற்சியும் பழமையானது. அரங்க இருக்கைகளுக்கிடையே வெண்கலக் கலங்களை வைக்க வேண்டும் என்றும், வசதி குறைந்த ஊர்களில் மண்கலங்களே பயன்பட்டன என்றும் கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்கள் பலவற்றின் சுவர்களில் மண்குடங்கள் பதிக்கப்பட்டுள்ளன. பிரான்சின் மெட்ஸ் நகர மடம் ஒன்றில் 1432-ல் பாட்டு சிறக்கும் என்று குடங்கள் வைக்கப்பட்டன. மடத்தின் குறிப்பேட்டிலேயே அதை ஏளனம் செய்யும் வரிகளும் இருக்கின்றன. ஒரு குடம் தன் அலைவரிசையை ஒட்டிய ஒலியை மட்டுமே உறிஞ்சும். பெரிய கூடத்தில் சில குடங்களால் பெரிய மாற்றம் நிகழாது.

ஓசையைத் திருத்தும் என்று இன்று விற்கப்படும் சிறு உலோகக் கிண்ணங்கள், ஒலிபெருக்கியின் மேல் வைக்கும் கற்கள், கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தாங்கிகள் ஆகியவற்றையும் இதே அளவுகோலால் அளக்கலாம். சில சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில்தான் ஒத்ததிரும். அது ஒலியைப் பிடிக்கக்கூடிய பரப்பு உள்ளங்கையளவுகூட வராது. அறையின் கீழ்நாதத்தை அது சீர்செய்யும் என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

அறையின் பங்கோ மிகப் பெரியது. எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது அறையின் கொள்ளளவையும் உறிஞ்சும் பரப்பையும் பொறுத்தது என்று ஹார்வர்டில் 1895-இலிருந்து சோதனை செய்து நிறுவினார் வாலஸ் சபீன். மதுரையில் வழக்கமான கான்கிரீட் அறை ஒன்றை, 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என எடுத்துக்கொள்வோம். சிமெண்டுப் பூச்சும் டைல்ஸும் மட்டுமே இருந்தால் எதிரொலி 3 நொடிக்கு மேல் நீடிக்கும் என்கிறது சபீனின் சூத்திரம். நன்றாக உறிஞ்சும் கனத்த பஞ்சுப் பரப்பை 10 சதுர மீட்டருக்கு வைத்தால் அது 1 நொடிக்குக் கீழே இறங்கும். மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை, அடர்ந்த திரை, புத்தக அலமாரி எல்லாம் இதற்கு உதவுபவையே. கீழ்நாதம் வேறு சிக்கல். இந்த அறையின் நீளவாக்கில் 38 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கும். சில இடங்களில் அதிர்ந்து கேட்கும், சில இடங்களில் காணாமல் போகும். மெல்லிய நுரைப்பலகை அதைத் தொடாது. ஒலிபெருக்கியையும் நாற்காலியையும் இடம் மாற்றுவதுதான் முதல் மருந்து.

கேட்பவருக்கு வேறுபாடு தெரிகிறதே என்பது எதிர்வாதம். அந்த அனுபவம் பொய்யல்ல. ஆனால் அதன் காரணம் காதுக்கு வெளியேயும் இருக்கலாம். எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லும் முறையை ஒலிப்பொறியாளர் டேவிட் கிளார்க் 1982-ல் விவரித்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தபடி கேட்கும்போதும் பார்க்காமல் கேட்கும்போதும் அதே மனிதர்கள் வேறு வேறு மதிப்பெண் தருவதை 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் காட்டினர். கடத்தில் இயலாத சோதனை இங்கே இயலும். கருவி ஒன்றே, கல்லை வைத்தும் எடுத்தும், கேட்பவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தால் போதும்.

ஆக, ஓசையைத் திருத்த விரும்புபவர் கேட்க வேண்டியவை மூன்று: எந்த வழியில் மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது, பார்க்காமல் கேட்டாலும் தெரிகிறதா? சுவரின் கனம், அடைபட்ட காற்றின் அளவு, வேக்காடு என்று மானாமதுரைத் தொழிலாளி உழைக்கும் ஒவ்வொன்றும் இம்மூன்றுக்கும் விடை சொல்லும். அறையில் இருக்கையை மாற்றுவதும் பஞ்சுப் பரப்பைக் கூட்டுவதும் அப்படியே. கிண்ணமும் கல்லும் விடை சொல்லும்வரை அவற்றுக்குச் செலவழிப்பது வீண். அந்தப் பணம் மண் மிதித்து, தட்டி, சுட்டு நாதம் படைப்பவரின் கூலிக்குப் போனால் பொருள் உண்டு.