டிங்... டொக்... விருத்தாசலம்!

உங்கள் ஆபீஸ் கேன்டீனில் இன்னமும் பீங்கான் கப் இருந்தால் (பேப்பர் கப் காலத்தில் நீங்கள் பாக்கியசாலி!), டீ குடித்து முடித்ததும் அதன் விளிம்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். ‘டிங்ங்...’ என்று இழுத்தால் நல்ல கப். ‘டொக்’ என்று செத்துப் போனால் எங்கேயோ மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இந்தச் சுண்டல்தான் குவாலிட்டி கன்ட்ரோல். அப்படிச் சுண்டிச் சுண்டியே பழகிய ஒரு ஆசாமி புதுசாக ஒரு பிக்கப் வண்டி வாங்கினால் என்ன ஆகும்? தூக்கம் போகும்.

அதற்கு முன்னால் ஊரைப் பற்றி ரெண்டு வார்த்தை. சென்னை - திருச்சி சாலையில் உளுந்தூர்பேட்டையில் இறங்கிப் பிரிந்தால் சுமார் 25 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் ஜங்ஷன். சென்னை - திருச்சி கார்டு லைனும் கடலூர் - சேலம் லைனும் இங்கேதான் சந்திக்கின்றன. விருத்தம் என்றால் பழையது, அசலம் என்றால் மலை. ஆக, தமிழில் பழமலை, திருமுதுகுன்றம். (மலை எங்கே என்று தேடாதீர்கள்.) காசிக்குப் போக முடியாதவர்களுக்கு இது விருத்தகாசி. புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் விருத்தாசலம்; அவர் 1906-ல் பிறந்தது இதே கடலூர் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரில். 2006-ல் விஜயகாந்த் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனதும் இந்தத் தொகுதியில்தான். முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. போதும், விஷயத்துக்கு வருவோம்.

பீங்கான் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம் பக்கத்து நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் முதலில் மேலே கிடக்கிற மண்ணையெல்லாம் வழித்துப் போட வேண்டும். அந்த மண்ணில் ஒரு பகுதி வெள்ளைக் களிமண். நிலக்கரிக்காரர்களுக்கு அது இடைஞ்சல். பீங்கான்காரர்களுக்கு அதுவே மூலதனம். இதை நம்பித்தான் இங்கே பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமா தரும் அரசுக் கல்லூரியும் வந்தது. உங்கள் வீட்டு பழைய மெயின் போர்டில் வெள்ளையாக ஒரு ஃப்யூஸ் கேரியர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போனால் அப்பா பிடுங்கி, கம்பி சுற்றி, திரும்பச் செருகுவாரே, அந்த மாதிரி சாமான்கள் இங்கே ஏராளமாகச் செய்தார்கள். எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் அந்த வியாபாரம் சுருங்கியது. இப்போது பொம்மை, ஜாடி, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் பீங்கான் அகல் விளக்கு.

நம்ம ஆள் அந்தக் கல்லூரியில் படித்தவர். சூளையில் சில வருஷம் வேலை பார்த்தார். சம்பளம் போதவில்லை. லோன் போட்டு பிக்கப் வாங்கி, தான் செய்த சரக்கையே இப்போது சுமக்கிறார். வயது முப்பதைத் தொடவில்லை. பெயர் வேண்டாம் என்றார். வண்டியின் பெயரும் வேண்டாம்; எல்லாக் கம்பெனி வண்டிக்கும் இந்தக் கதை பொருந்தும். 2005-ல் டாடா ஏஸ் வந்து, நம் ஜனங்கள் அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்த நாளிலிருந்து, சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி என்பது ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குக் கனவு. கனவு கையில் வந்த மறுநாளே ‘கிணுங்... கிணுங்...’ என்று சத்தம் போட்டால்?

“சாதாரண லோடு அடிக்கிறவனுக்கு சத்தம் ஒரு பிரச்சினையே இல்ல சார். சிமென்ட் மூட்டை, வாழைத்தார் ஏத்துறவன் பாட்டைப் போட்டுக்கிட்டுப் போயிடுவான். எனக்கு அப்படி இல்ல. பின்னாடி ‘டிங்’னு ஒரு சத்தம் கேட்டா, அது வண்டியா, விளக்கான்னு தெரியணும். விளக்குன்னா வண்டிய ஓரங்கட்டி அட்டைப்பெட்டிய இறுக்கிக் கட்டணும். உடைஞ்சது அத்தனையும் என் வாடகையில கழிப்பாங்க. அஞ்சாம் தேதி இ.எம்.ஐ. எந்த விளக்கும் உடையலைன்னு கழிக்காம விட்டுருமா?”

அதாவது இவருக்கு வண்டி சத்தமில்லாமல் இருக்க வேண்டியது சுகத்துக்காக அல்ல. வண்டி வாயை மூடினால்தான் சரக்கு பேசுவது காதில் விழும்.

சத்தத்தைத் தேடுவது எப்படி? இந்த ஊர்க் கதையே அதற்குப் பாடம். சுந்தரர் இங்கே சிவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். வழியில் கள்ளர் பயம். ‘மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்’ என்று உத்தரவாயிற்று. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிற அந்த வேலைதான் வண்டிச் சத்தத்திலும். ஓரிடத்தில் கேட்கும், இன்னோரிடத்தில் இருக்கும். இரும்புச் சட்டம் முழுக்க சத்தத்தைக் கடத்துகிற கம்பி மாதிரி. டேஷ்போர்டுக்குள் கிணுகிணுக்கிறதே என்று பிளாஸ்டிக்கைக் கழற்றினால், குற்றவாளி சீட்டுக்கு அடியில் ஜாக்கி கம்பியாகப் படுத்திருப்பான்.

நம்ம ஆள் ஒரு வித்தை காட்டினார். நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக ஓட்டினார். வெளியே கிளம்பும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நேராகக் காதுக்கு வருகிறது. அடியிலிருந்தா, பின்னாலிருந்தா என்று பிரிக்க முடிகிறது. அப்புறம் வண்டியை நிறுத்தி, கையை மூடி ஒவ்வொரு இடமாகக் குத்துகிறார், டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி. நம்பர் பிளேட், மட்கார்டு, ஸ்டெப்னி தாங்கி, பின்கதவு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சரி செய்கிறார். நாலையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் எது கத்தியது என்று கடைசி வரை தெரியாதாம்.

ஜாக்கி கம்பிக்குப் பழைய வேட்டித் துணி. பின்கதவுச் சங்கிலிக்கு சைக்கிள் டியூபில் உறை. கொண்டிக்கு நடுவே ஒரு ரப்பர் துண்டு. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பாஞ்ச். மொத்தச் செலவு ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் காசு. கிணுகிணுப்பில் முக்கால்வாசி ஒழிந்தது.

மிச்சம் ஒரு ‘டொக்’. பிரேக் போட்டு மறுபடி கிளம்பும்போது மட்டும், அடியிலிருந்து ஒரே ஒரு தடவை. இதுதான் அவரை உறுத்தியது. கிணுகிணுப்பு தகரம், டொக் என்றால் கனமான ஏதோ நகர்கிறது. முதல் சர்வீஸில் சொல்லியிருக்கிறார். “வண்டி புதுசு, ஓட ஓட செட் ஆயிடும்” என்று பதில் வந்தது. (இந்த வசனத்தைக் கல்யாணமான புதிதிலும் சொல்வார்கள்.) உள்ளூர் மெக்கானிக் ஒருவர் படுத்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கேட்டார். பின்பக்கம் இலைப்பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் யூ-போல்ட் நட் இளகியிருந்தது. புது இலைப்பட்டைகள் லோடு ஏற ஏற ஒன்றோடொன்று அழுந்திப் படியும்; அப்போது போல்ட் தானாகத் தளர்கிறது. அதனால்தான் கொஞ்ச தூரம் ஓடியதும் அதை மறுபடி முறுக்க வேண்டும் என்கிறார்கள். சர்வீஸ் ஷீட்டில் அந்த வரிக்கு நேரே அழகாக டிக் போட்டிருந்தது! விட்டிருந்தால் நடு போல்ட் ஒடிந்து, ஆக்ஸில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், லோடோடு.

இதைக் கேட்டதும் எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட ஆரம்பிக்காதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகு அடியில் ‘டிக்... டிக்...’ என்று வருவது சூடான புகைக்குழாய் ஆறிச் சுருங்கும் சத்தம். கழுவின மறுநாள் காலை முதல் இரண்டு பிரேக்கில் ‘கர்ர்’ என்றால் டிஸ்க்கில் ராத்திரி பிடித்த மெல்லிய துரு. தானே தேய்ந்து போகும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைப் பாதையில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். அதில் சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அப்போது நின்றபடியே எஞ்சின் வேகம் கூடும், சூட்டு வாடை வரும். பாதியில் அணைக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் அடங்கிவிடும். அந்தத் தேன்கூடு எதனால் ஆனது தெரியுமோ? அதுவும் செராமிக்தான். நம்ம ஆளுக்கு அதில் ஏகப் பெருமை.

அந்த ‘டிக் டிக்’கைப் பற்றி இன்னொன்று சொன்னார். சூளையிலிருந்து எடுத்த சாமான் ஆறும்போது அதே மாதிரி ‘டிங்... டிங்...’ என்று கேட்பதுண்டாம். மேல் பூச்சு உள் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் பூச்சு சிலந்தி வலை மாதிரி கீறிக்கொள்ளும். அந்தச் சத்தம் அது. “வண்டி ஆறும்போது கேட்டா கவலை இல்ல. சூளை ஆறும்போது கேட்டா முதலாளி தலையில கைய வச்சிப்பார்.”

அடுத்தது அழகு. புது வண்டி வாங்கினால் இந்தப் பக்கத்தில் முதல் விசிட் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். முருகன் இங்கே உருவமில்லாத கல்லாக இருக்கிறார். வழக்கு, வம்பு, திருட்டு எதுவானாலும் காகிதத்தில் எழுதி ‘பிராது’ கட்டுகிற கோயில். (சர்வீஸ் சென்டர் மேல் பிராது ஏற்பார்களா என்று நான் கேட்டேன். நம்ம ஆள் யோசித்தார்.) பூஜையில் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம். எல்லாம் சரி. ஆனால் சாயங்காலமே தண்ணீர் விட்டு மெல்லக் கழுவிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறும் வெயிலில் வெந்த மாலையும் புதுப் பெயின்ட்டில் கறை போட்டால் ஆயுசுக்கும் போகாது. சாமி கோபிக்க மாட்டார்.

பேட்டையில் வண்டிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தூசி. பார்க்க பவுடர் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் பொடி, கண்ணாடியையே கீறும். காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் பளபளவென்று துடைக்கிறோமே, அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, அப்புறம்தான் துணி. அதோடு பின்கதவின் அடியில், தளத்தின் மூலையில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். களிமண் தூசி நனைந்தால் அங்கே போய்ச் சுகமாக உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் தேங்கினால் வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து தகரம் துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவை ஈர்க்குச்சி விட்டுக் குத்தினால் போதும்.

இந்த இடத்தில்தான் கடலூரில் ஒரு கடைக்காரர் ‘செராமிக் கோட்டிங்’ அடிக்கச் சொன்ன கதை வந்தது. பல ஆயிரம் ரூபாய். இவர் கேட்டாராம்: “எத்தனை டிகிரில சுடுவீங்க?” கடைக்காரர் விழித்திருக்கிறார். பாவம், அவர் விற்பது சிலிக்கா கலந்த ஒரு திரவம். துணியால் பூசி, அப்படியே காய விடுவது. தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு சுலபமாகப் போகும், உண்மைதான். ஆனால் கல் தெறித்தால் தாங்காது. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சூளை பார்த்தவனிடம் போய் அதை செராமிக் என்றால்! சொந்தக் காருக்கு ஆசைப்பட்டால் அடித்துக்கொள்ளுங்கள். லோடு வண்டிக்கு சாதாரண மெழுகுப் பாலிஷும், கீறின இடத்தில் துரு ஏறுவதற்குள் ஒரு தீற்றல் பெயின்ட்டும் போதும் என்பது என் கட்சி.

கார்த்திகைக்கு முந்தின வாரம், சேலத்துக்கு விளக்கு லோடு. நானும் ஏறிக்கொண்டேன். அட்டைப்பெட்டிகள் தார்ப்பாய்க்குக் கீழே மலை மாதிரி. எடை மட்டும் முக்கால் டன் தேறாது. அதுதான் வில்லங்கம். ஒன்றரை டன்னுக்குச் செய்த இலைப்பட்டை பாதி லோடில் வளைந்து கொடுக்காது, தூக்கித் தூக்கிப் போடும். அதனால் கிளம்புமுன் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, குறைந்த லோடுக்குச் சொன்ன அளவுக்குப் பின் டயரில் காற்றை இறக்கினார். பெட்டிகளுக்கு நடுவே கை நுழையும் இடமெல்லாம் வைக்கோல்.

வழியெல்லாம் ரேடியோ கிடையாது. பேச்சும் அளவோடுதான். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நான் பாட்டுக்கு வாயை மூடிக்கொள்வேன். அவர் தலையை லேசாகச் சாய்ப்பார். சின்னசேலம் தாண்டி ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கீழே இறங்கி, இடது பக்கக் கயிறு ஒன்று தளர்ந்திருந்ததை இழுத்துக் கட்டிவிட்டு ஏறினார்.

சேலத்தில் பெட்டி பெட்டியாகப் பிரித்து எண்ணினார்கள். கடை முதலாளி ஏழு உடைசல் காட்டினார். நம்ம ஆள் ஒவ்வொன்றாக எடுத்து உடைந்த முனையைப் பார்த்தார். இரண்டில் பூச்சு உடைசலுக்குள் வழிந்து உருகியிருந்தது. “இது சூளையிலயே போனது, பேட்டைக் கணக்கு. மீதி அஞ்சு எனக்கு” என்றார். முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டார்.

திரும்பும்போது காலி வண்டி. சங்கிலி, கொண்டி, தளம் எல்லாம் தடதடவென்று ஆடிக்கொண்டு வந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“விடுங்க சார், காலியாத்தானே வருது. கத்தட்டும்” என்று சொல்லி, இளையராஜாவைப் போட்டு சத்தத்தைக் கூட்டினார்.