தாங்கும் கைகளைத் தாங்குவது யார்?

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



பிறரைக் கவனிப்பதையே தொழிலாகவோ கடமையாகவோ கொண்டவர்கள் நம் சபையில் எத்தனை பேர் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், மனநல ஆலோசகர்கள், படுக்கையிலிருக்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் பிள்ளைகள், மாமியாரின் மருந்து நேரத்தை மறவாத மருமகள்கள். இவர்களுக்காக நாம் ஜெபிக்கும்போது, "கர்த்தாவே, இவர்களுக்கு இன்னும் பெலன் தாரும்" என்றே பெரும்பாலும் ஜெபிக்கிறோம். "இவர்களுக்கு இளைப்பாறுதல் தாரும்" என்று ஜெபிப்பது அரிது.

பிசியோதெரபி பணியிலுள்ள ஒரு சகோதரி அண்மையில் என்னிடம் இவ்வாறு சொன்னார்: "ஐயா, முதுகுவலி என்று வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை நானே செய்து பல மாதங்கள் ஆகின்றன. இப்போது எனக்கே குனிய முடியவில்லை. ஆனாலும் இன்னொருவரிடம் சிகிச்சைக்குப் போக வெட்கமாக இருக்கிறது." அந்த வெட்கம் என்ற சொல் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. நாள் முழுவதும் நோயாளிகளைத் தாங்கிப் பிடித்து எழுப்புகிறவரின் இடுப்பும், அழுத்தி நீவிவிடுகிறவரின் கட்டைவிரல் மூட்டும் தேய்வது இயல்பு. பாரம் தூக்கும் தொழிலாளிக்கு முதுகு வலித்தால் நாம் வியப்பதில்லை. சிகிச்சையாளருக்கு வலித்தால் மட்டும் அது அவருடைய கல்விக்கே இழுக்கு என்பதுபோல அவரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம்.

உடலுக்கு நேரிடுவது உள்ளத்துக்கும் நேரிடுகிறது. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், அங்கே ஆர்வத்தோடு உழைத்தவர்கள் சில காலத்துக்குள் சோர்ந்து, எரிச்சலுற்று, உள்ளம் வறண்டுபோவதைக் கண்டார். தம்மிடத்திலும் அதைக் கண்டார். 1974இல் அதைக் குறித்து அவர் எழுதிய கட்டுரையின் வழியாகவே, 'எரிந்துபோதல்' என்று பொருள்படும் 'பர்ன் அவுட்' என்ற சொல் மருத்துவ உலகில் பரவியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், திறமையோடு செயல்பட முடியாமை. இவற்றுள் இரண்டாவதைக் கவனியுங்கள். அன்பினால் ஒரு பணியைத் தொடங்கியவர், அந்த அன்பையே இழக்கக்கூடும். கரிசனையற்றவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கரிசனையுள்ளவர்களையே இது அதிகமாய்த் தாக்குகிறது.

இனி எலியாவிடம் வருவோம். கர்மேல் பர்வதத்தில் பெரிய வெற்றி கண்டவர், யேசபேலின் மிரட்டலைக் கேட்டுப் பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். தம் வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவை வேண்டுகிறார். கர்த்தர் அவரைக் கண்டிக்கவில்லை. உடனே புதிய ஊழியத்தையும் கொடுக்கவில்லை. நித்திரை கொடுத்தார். தூதனை அனுப்பித் தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். பிறகு இரண்டாம் முறையும் போஜனம் கொடுத்தார்.

அந்த இரண்டு போஜனங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முதலாவது, கடந்துபோன களைப்புக்கானது. இரண்டாவது, இனி நடக்கவேண்டிய தூரத்துக்கானது. பிரயாணம் வெகுதூரம் என்பதாலேயே தூதன் அதை உண்ணச் சொல்கிறான். அதன் பெலத்தில் எலியா ஓரேப் மட்டும் நாற்பது நாள் நடக்கிறார். நம்மில் பலர் முதல் போஜனத்தோடு நிறுத்திவிடுகிறோம். விழுந்தபின் எழுப்பப்படுகிறோம்; வலி குறைந்ததும் பழைய வேகத்துக்குத் திரும்புகிறோம். விழாதிருப்பதற்காக முன்கூட்டியே பெறும் பராமரிப்பை ஆடம்பரம் என்று தள்ளிவிடுகிறோம்.

நம் பாட்டிமார் அப்படி நினைக்கவில்லை. வாரந்தோறும் எண்ணெய்க் குளியலுக்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். உடம்பு வலிக்கிறதா என்று கேட்டு அந்த நாள் வருவதில்லை. நாள் வந்தது, எண்ணெய் காய்ந்தது. ஓய்வுநாளும் அப்படியே. களைத்தவர்கள் மட்டும் ஓய்ந்திருக்கும்படி கர்த்தர் சொல்லவில்லை. ஆறு நாட்களுக்குப் பின் ஏழாம் நாள் வரும். அது எல்லாருக்கும் வரும். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் வேலைக்காரனும் வேலைக்காரியும் தன்னைப்போல் இளைப்பாறும்படி வீட்டுத்தலைவன் பார்த்துக்கொள்ளக் கட்டளை பெறுகிறான். ஆகவே, நம்மைப் பராமரிக்கிறவர்களின் ஓய்வுக்கு நாமும் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள்.

"தன்னைத்தான் வெறுத்து சிலுவையை எடுத்துக்கொள்ள அழைக்கப்பட்டவர்கள் நாம், இது சுயநலம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. லூக்கா 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சொஸ்தமாகும்படி திரளான ஜனங்கள் கூடிவந்த அதே வேளையில், ஆண்டவர் வனாந்தரத்தில் தனித்துப்போய் ஜெபம்பண்ணினார். நோயாளிகள் தீர்ந்தபின் அவர் ஓயவில்லை. அவர்கள் இருக்கையிலேயே விலகிப்போனார். சிலுவையைச் சுமந்தவரே படகில் தலையணையின்மேல் உறங்கவும் செய்தார். யாத்திராகமம் 18இல், காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்த மோசேயிடம், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்ற பொருளில் எத்திரோ எச்சரித்தார். கவனிக்கிறவர் தளர்ந்தால், கவனிக்கப்படுகிறவரும் அதன் விலையைச் செலுத்துகிறார்.

மருத்துவ உலகமும் இதை உணர்ந்திருக்கிறது. மருத்துவர்களின் உறுதிமொழியாகிய ஜெனீவா பிரகடனம் 2017இல் திருத்தப்பட்டபோது, உயர்ந்த தரமான சிகிச்சை அளிப்பதற்காக மருத்துவர் தம்முடைய ஆரோக்கியத்தையும் நலத்தையும் பேணவேண்டும் என்ற வாக்குறுதி அதில் சேர்க்கப்பட்டது. விசுவாசத்தைப் பற்றிய சிக்மண்ட் பிராய்டின் கருத்துக்களை நாம் ஏற்பதில்லை. ஆயினும் உளப்பகுப்பாய்வு செய்கிறவர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையாவது, வெட்கப்படாமல், தாங்களே மீண்டும் பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும் என்று அவர் 1937இல் எழுதியது ஞானமான ஆலோசனை. இன்றும் நல்ல ஆலோசகர்கள், அனுபவமுள்ள இன்னொருவரிடம் தங்கள் பணியையும் அதன் பாரத்தையும் ஒழுங்காகப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

பிறரைப் பராமரிக்கும் அன்பானவர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் சிகிச்சைக்கும் உடற்பயிற்சிக்கும் ஓய்வுக்கும் நாட்காட்டியில் தேதி குறியுங்கள். 'நேரம் கிடைத்தால்' என்று விட்டால் கிடைக்காது. படுக்கையிலிருப்பவரைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, அவரை உங்கள் உடலோடு நெருங்கப் பிடியுங்கள், இடுப்பைத் திருப்பாதீர்கள், கூடுமானால் இன்னொருவரை அழையுங்கள். நித்திரையின்மையோ, காரணமற்ற கோபமோ, எதிலும் பற்றின்மையோ வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல. பவுல் அப்போஸ்தலனுக்குப் பிரியமான வைத்தியனாகிய லூக்கா உடனிருந்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்காக அவரே மருந்துபோல ஓர் ஆலோசனை எழுதினார்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் நோயாளியைப் பராமரிக்கும் ஒரு வீடு நிச்சயம் இருக்கும். "எப்படி இருக்கிறார்?" என்று நோயாளியைக் குறித்துக் கேட்டபின், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். வாரத்தில் ஒரு பிற்பகல், "நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லுங்கள். எலியாவுக்கு அடை தானாகச் சுடப்படவில்லை. அதைக் கொண்டுபோக ஒருவன் அனுப்பப்பட்டான். இந்த வாரம் அனுப்பப்படுகிறவர் நீங்களாக இருக்கலாம்.

ஜெபம்: இளைப்பாறுதல் தருகிற எங்கள் பிதாவே, பிறருக்காகத் தேய்ந்துபோகிற கரங்களை நீர் காண்கிறீர். தங்களுக்கும் உதவி தேவை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களின் வெட்கத்தை நீக்கும். அவர்களுக்கு நித்திரையையும் சுகத்தையும், தாங்கிப்பிடிக்கும் நல்ல சிநேகிதரையும் கட்டளையிடும். எங்களையும் அப்படிப்பட்ட சிநேகிதராக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.