பவளத்தைப் பெண் பார்க்கப் போனோம்!

கொளத்தூருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருக்கிறீர்களா? சென்னையில் வண்ண மீன் வளர்க்கிற ஆசை வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. பிளாஸ்டிக் பையில் மீன், பக்கெட்டில் மீன், கண்ணாடித் தொட்டியில் மீன். குழம்புக்கு ஆகாத மீன்களை இவ்வளவு கூட்டம் பேரம் பேசி வாங்குவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

நான் போனது பையனுக்காக. கோமாளி மீனை வைத்து 2003-ல் வந்த கார்ட்டூன் படத்தைப் பதினேழாவது தடவையாகப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கு அதே மீன் வேணும்" என்றான். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. ஒரு மீன்தானே என்று கிளம்பினேன்.

"அது உப்புத் தண்ணி மீன் சார். தொட்டிக்குள்ள ஒரு கடலையே கட்டணும்" என்றார் கடைக்காரர். பி.காம். படித்தவன் அந்த இடத்திலேயே ஒரு பட்ஜெட் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போடவில்லை.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் சுமார் 190 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு மட்டும் ஆறரைக் கிலோ! அதுவும் சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு.

"ஆறு மாசம் நம்ம வீட்டுச் சமையலுக்கு வருமேங்க!" என்றாள் மனைவி. அவளுக்குத் தூத்துக்குடி. உப்பு விஷயத்தில் அவளிடம் வாதாட முடியாது.

அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ள ஒரு ஸ்கிம்மர், அலை மாதிரி தண்ணீரைத் தள்ள ஒரு மோட்டார், தண்ணீரைக் குளிரவைக்க ஒரு சில்லர், அப்புறம் நீல விளக்கு. எல்லாம் வந்தது. மீன் மட்டும் வரவில்லை! ஆறு வாரம் வெறும் தொட்டியாக ஓட்டச் சொல்லிவிட்டார் கடைக்காரர். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை பாக்டீரியா வந்து அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் மீனுக்கு ஆபத்துக் குறையும். இந்த இரண்டு கோஷ்டியும் கற்களில் குடியேறுகிற வரை காத்திருக்க வேண்டுமாம்.

"மீன் எங்கே சார்?" என்று கேட்டார் எதிர் வீட்டுக்காரர்.

"இப்போதைக்கு பாக்டீரியா வளர்க்கிறேன்."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் காபி குடிப்பதில்லை.

ஒரு வழியாக இரண்டு கோமாளிகளும் ஒரு இறாலும் வந்தன. தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றும். வற்றின அளவுக்கு நானும் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். பத்தாம் நாள் இறால் மல்லாந்துவிட்டது.

"எங்க ஊர் உப்பளத்துல என்னங்க நடக்குது? வெயில்ல தண்ணிதானே ஆவியாப் போகுது? உப்பு அங்கேயேதானே இருக்கு? வத்தினதுக்கு நல்ல தண்ணி இல்ல ஊத்தணும்!" என்றாள்.

செலவான ஐட்டத்தை விட்டுவிட்டு, செலவாகாத ஐட்டத்தை வரவு வைத்திருக்கிறேன். எனக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் மன்னிக்கட்டும்.

மே மாதத்தில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது. சில்லர் நின்றது. 26 டிகிரியில் இருந்த தண்ணீர் மெல்ல ஏறி நடுராத்திரி 31-ஐத் தொட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏற்கெனவே ஐஸாகியிருந்த தண்ணீர் பாட்டில்களை, பாட்டிலோடு தொட்டியில் மிதக்க விட்டோம். நான் விசிற, பையன் டார்ச் அடிக்க, விடியும் வரை குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தோம். இரண்டும் பிழைத்தன.

இதற்குப் பிறகாவது சும்மா இருந்தேனா? வெறும் கல்லும் மீனுமாக இருக்கிறதே, பவளம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இன்னொரு கடையில் மெல்ல விசாரித்தேன். அந்த ஆள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நம்ம ராமேஸ்வரம் பக்கத்து சரக்கு சார். உயிரோட இருக்கு. ராத்திரி வாங்க" என்றார்.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். மனைவி யோசித்தாள். "வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னால, பொண்ணு இருக்கற வீட்டை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்ங்க."

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறி, இருட்டு விலகும் முன் மண்டபத்தில் இறங்கினோம். இங்கிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். மீனவர்கள் இதைப் 'பார்' என்கிறார்கள்.

மண்டபம் பக்கத்தில் கண்ணாடி அடிப் படகு ஒன்றில் ஏறினோம். பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். முதலில் வெறும் மணல். அப்புறம் திடீரென்று கீழே ஒரு ஊரே வந்தது! மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக உருண்டைப் பவளம், நடுவே கூட்டம் கூட்டமாக மீன்கள். ஸ்கிம்மர் இல்லை, மோட்டார் இல்லை, மாதம் பிறந்தால் கரண்ட் பில் இல்லை.

"அந்த உருண்டை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு சார்" என்றார் படகுக்காரர். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு அடிக்கு முப்பது வருஷம். ஏறக்குறைய என் வயசு! அதை உளி வைத்துப் பெயர்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

"இதை வீட்டுல வெக்கலாமாண்ணே?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "புலியை வீட்டுல வெப்பீங்களா சார்? புலிக்கு என்ன சட்டமோ, இதுக்கும் அதே சட்டம்."

உண்மைதான். 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. ராத்திரி வரச் சொன்ன காரணம் புரிந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் மனசில் தைத்தது. "ஏப்ரல், மே மாசத்துல கடல் சூடாயிடுது சார். 2016-ல பாருங்க, பாரெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. கொஞ்சம் தேறுச்சு, கொஞ்சம் செத்துப் போச்சு."

பவளம் என்பது சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. நிறமும் பெரும்பாலும் பாசி கொடுத்ததுதான். சூடு ஓரிரண்டு டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும்.

எனக்கு அந்த மே மாத ராத்திரி ஞாபகம் வந்தது. 190 லிட்டருக்கு ஐஸ் பாட்டில் போட நாங்கள் மூன்று பேர் இருந்தோம். இந்தக் கடலுக்கு யார் போடுவது?

மத்தியானம் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயலில் இடிந்த மாதா கோயிலின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கல்லில் குட்டிக் குட்டியாகப் பூப் பூவாய்க் குழிகள். அத்தனையும் பவளக்கல்!

"எங்க தாத்தா வீட்டுச் சுண்ணாம்புகூட இதைச் சுட்டதுதான்னு சொல்வாங்க" என்றாள் மனைவி, கொஞ்சம் குற்றவாளி மாதிரி. அந்தக் காலத்தில் வண்டி வண்டியாக வெட்டினார்கள். அலையைத் தடுக்கிற பாறை போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன. 21-ல் இரண்டு இன்று கடலுக்கு மேலேயே இல்லை. ஆளுக்கு ஒரு துண்டுதானே என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது பையனுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையத்தில் கோமாளி மீனை முட்டையிலிருந்தே வளர்த்தெடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். முட்டையைக் காவல் காத்து, விசிறிவிடுவது அப்பா மீன்தான். அம்மா மீன் செத்துப் போனால் அப்பாவே அம்மாவாக மாறிவிடும்! "நீங்க ஒரு காபிகூடப் போட மாட்டேங்கறீங்க" என்று ரயிலில் பேச்சு கேட்டேன்.

தொட்டி இன்றும் இருக்கிறது. ஆரஞ்சுக் கோமாளிகள் இரண்டும், வர்ணம் பூசின பீங்கான் பாறையும் இருக்கின்றன. வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஃப்ரிட்ஜில் எப்போதும் நாலு ஐஸ் பாட்டில்.

அந்தக் கடைக்காரர் போன வாரம் போன் செய்தார். "என்ன சார், சரக்கு ரெடியா இருக்கு. ஊர்ல போய்ப் பாத்துட்டு வந்தீங்களே, புடிக்கலையா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு. அதான், பொறந்த வீட்டுலயே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டோம்" என்றேன்.