கதவோரத்து இரப்பர்

பெரியனவற்றையே நாடும் கண்ணுக்குச் சிறியன தப்பிவிடுகின்றன. மோட்டார் வண்டி ஒன்றைக் காண்பவர் அதன் வண்ணத்தைப் பார்ப்பர். இயந்திரத்தின் ஒலியைச் செவிமடுப்பர். இருக்கையின் மென்மையை வியப்பர். கதவுக் கண்ணாடியின் ஓரத்தில், விரலகலம்கூட இல்லாத கறுத்த இரப்பர்ப் பட்டை ஒன்று இருப்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? மழைநீர் மடியில் சொட்டும் நாளில்தான் நமக்கு அதன் நினைவே வருகிறது.

எங்கள் வீட்டில் மோரிஸ் மைனர் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்த என் மாமனார், சுற்றிலுமிருந்த தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் கருவாடும் ஏற்றிச் சென்ற வண்டி அது. மைனர் வகை வண்டி இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. அதன் பிக்கப் வடிவம் 1953-இல் வெளிவந்தது. எங்கள் வண்டி அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அண்மையில் அதன் கதவுகளின் அடிப்பக்கத்தில் துருவின் செந்நிறம் தலைகாட்டத் தொடங்கியது. "இன்னொரு மழைக்காலம் போனால் கதவு மிஞ்சாது ஐயா, இதற்குப் புதுக் கதவு தேடினாலும் எளிதில் கிடைக்காது" என்றார், என் பழைய மாணவராகிய பட்டறைக்காரர். உறவினர் சிலரோ, விற்றுவிடுவதே அறிவுடைமை என்றனர். என் துணைவியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மௌனத்தின் பொருள் எனக்குப் புரிந்தது. பள்ளி விடுமுறையில் அந்த இரப்பர்களை மாற்றுவதென்று முடிவாயிற்று.

கதவு துருப்பிடிப்பது வெளியிலிருந்து என்றே பலரும் கருதுவர். உண்மை வேறு. கண்ணாடி ஏறி இறங்குவதற்காகக் கதவின் மேல்விளிம்பில் ஓர் இடைவெளி உண்டு. அதன் ஓரத்தில், உதடுபோல் கண்ணாடியை அணைத்து நிற்கிறது ஓர் இரப்பர். கண்ணாடியின் பக்கங்களைத் தாங்கி வழிகாட்டுவது மெல்லிய கம்பளித்துணி ஒட்டிய காடி. உதடு சுருங்கி விலகினால், கண்ணாடியில் வழியும் நீரெல்லாம் கதவின் வயிற்றுக்குள் இறங்கும். சிறிதளவு நீர் எப்படியும் இறங்கும் என்பதை அறிந்தே, கதவின் அடியில் வடிதுளைகளை அமைத்திருக்கிறார்கள். அத்துளைகளும் மண்ணால் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கி, இரும்பை உள்ளிருந்து தின்றுவிடும். வெளியில் துரு தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியையும் கதவின் உட்புற அட்டையையும் கழற்றிப் பார்த்தபோது, எங்கள் வண்டியின் நிலையும் அதுவாகவே இருந்தது. வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தோம். துருவைச் சுரண்டித் துடைத்து, துருத்தடுப்பு வண்ணம் பூசினோம். பழைய காடியின் கம்பளியில் மணல் துகள்கள் சிக்கிக் கிடந்தன. கண்ணாடியில் நெடுங்கோடுகள் கீறியவை அவையே. அடுத்துப் புதிய பட்டைகளைப் பொருத்த வேண்டும். எண்ணெய் தடவினால் எளிதில் நுழையுமே என்று தோன்றலாம். ஆனால், இயந்திர எண்ணெய் பட்டால் இத்தகைய இரப்பர் ஊதி வலுவிழக்கும்; சவர்க்கார நீரே ஏற்றது.

பட்டையை அளந்து வெட்டும் இடத்தில் பட்டறைக்காரர் எங்களைத் தடுத்தார். அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே வெட்டச் சொன்னார். முதலில் மூலைகளைப் பொருத்தி, பிறகு நடுப்பகுதியை உள்நோக்கி அழுத்திச் செருகினார். காரணம் கேட்டேன். "இழுத்து வைத்தால் இன்றைக்கு அழகாகப் பொருந்தும் ஐயா. ஆனால், இரப்பர் தன் பழைய அளவை மறக்காது. சில மாதங்களில் சுருங்கி, மூலையில் வாய்பிளந்து நிற்கும்" என்றார். வகுப்பறையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவர், அன்று எனக்கு ஆசிரியராய் நின்றார். அவரிடம் பாடம் கேட்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

உடனிருந்து உதவிய என் மகள், கையிலிருந்த புதிய பட்டையை வளைத்துப் பார்த்தவாறே, "அப்பா, இது பாட்டி வெட்டிய மரத்துப் பாலா?" என்று கேட்டாள்.

எளிய கேள்விதான், ஆயினும் விடை எளிதன்று. என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. பொழுது புலருமுன் நெற்றி விளக்குடன் கித்தாக்காட்டில் நுழைந்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும்; ஆதலின் இருளே அவர்களுக்கு வேலைப் பொழுதாயிற்று. பிரேசில் நாட்டிலிருந்து 1876-இல் இலண்டனுக்கு வந்த விதைகளின் வழித்தோன்றல்களே இந்நாட்டுப் பால்மரங்கள். மறு ஆண்டு அக்கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் மலாயா உலகின் இரப்பர்க் களஞ்சியம் ஆனதில் நம்மவர் சிந்திய வியர்வை கொஞ்சமன்று. "ஆம் மகளே, இது பாட்டியின் மரத்துப் பால்தான்" என்று சொல்லியிருந்தால் அவள் முகம் மலர்ந்திருக்கும்.

ஆயினும் அது உண்மையன்று. புதிய பட்டை ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை இரப்பர். பெட்ரோலிய வேதிப் பொருள்களிலிருந்து பிறப்பது. வண்டிக் கதவுகளில் இன்று பெரும்பாலும் அதுவே இடம்பெற்றுள்ளது. இயற்கை இரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்துள்ளன. சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்துடன் சூடேற்றி இரப்பரை உறுதியாக்கக் கண்டறிந்தாரே, அதற்கு இடம் தந்தவை அந்தப் பிணைப்புகளே. காற்றிலுள்ள ஓசோன் புகுந்து சங்கிலியை அறுக்க வழிவிடுபவையும் அவையே. அதிலும் இழுபட்டும் வளைந்தும் நிற்கும் இடத்திலேயே அவ்வெடிப்பு தோன்றும். செயற்கை இரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அப்பிணைப்புகள் இல்லை. அதனால் வெயிலையும் மழையையும் அது நெடுங்காலம் தாங்குகிறது.

இவற்றை அவளுக்கு விளங்கும் அளவில் எடுத்துரைத்தேன். முகம் சற்று வாடியது. "அப்படியென்றால் பாட்டியின் இரப்பர் தோற்றுவிட்டதா?" என்றாள். இல்லை என்றேன். பெருஞ்சுமை ஏற்றும் லோரிகளின் டயர்களிலும், ஓடுபாதையில் மோதி இறங்கும் விமானங்களின் டயர்களிலும் இன்றும் இயற்கை இரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது. கிழிபடாத வலிமையிலும், உருண்டோடும்போது உள்ளே மிகுதியாகச் சூடேறாத தன்மையிலும் அதற்கு ஈடாகும் பொருள் எளிதில் அமையவில்லை. கதவோரத்தில் இடம் இழந்தது. சக்கரத்தில் நிலைத்து நிற்கிறது. அவ்வளவே.

ஆசிரியப் பணியில் உள்ள நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதில் உண்டு. நம் முன்னோர் உழைப்பைப் பற்றி மாணவருக்குச் சொல்லுங்கால், பெருமிதத்தின் பொருட்டு உண்மையைச் சற்றே இழுத்துப் பொருத்தும் ஆசை நமக்கு வருவது இயல்பு. எல்லாம் நம்முடையது, எங்கும் நம்முடையது என்று சொல்லிவிட்டால் கேட்கும் பிள்ளையின் உள்ளம் குளிரும். ஆனால், அப்பிள்ளை வளர்ந்து வேறோரிடத்தில் மெய்யை அறியும் நாளில், இழுத்து வைத்த அந்தப் பெருமை மூலையில் வாய்பிளந்து நிற்கும். அதன் பின்னர் நாம் சொன்ன மெய்களையும் அது ஐயுறும். அளவறிந்து சொன்ன பெருமையோ வெயிலில் வெடிப்பதில்லை.

வேலை முடிந்தபின் கதவின் மேல் குழாய்நீரைப் பாய்ச்சிப் பார்த்தோம்; உள்ளே சொட்டு நீரும் விழவில்லை. கசிந்த சிறிதளவு நீரும் வடிதுளை வழியே ஒழுகிப் போயிற்று. என் துணைவியார் கண்ணாடியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்திருந்தால் இன்றே கடைக்கு ஓட்டிச் சென்றிருப்பார்" என்றார்.

கழற்றியெடுத்த பழைய பட்டையில் ஒரு முழத்தை என் பள்ளி மேசைக்குக் கொண்டு சென்றேன். அறிவியல் வகுப்பில் மாணவர் அதை ஒவ்வொருவராக வளைத்துப் பார்க்கின்றனர். நேராகக் கிடக்கும்போது மறைந்திருக்கும் வெடிப்புகள் வளைத்தவுடன் வாய்திறக்கின்றன. ஏன் என்று கேட்கின்றனர். அந்த 'ஏன்' என்ற கேள்வியிலிருந்து ஓசோனுக்கும் செல்லலாம், கோலகங்சாருக்கும் செல்லலாம், இருள் பிரியுமுன் காட்டுக்குள் நடந்த ஒரு தாயின் நெற்றி விளக்குக்கும் செல்லலாம்.