புகை சொன்ன பாடம்

"மேட்டில் வண்டி இழுக்கவில்லை" என்று சங்ககிரியில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவோரிடம், மெக்கானிக்கான என் தந்தை முதலில் கேட்பது புகையின் நிறத்தைத்தான். கறுப்பென்றால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றுவார். நீலமென்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. புகையின்றி இழுவை குறைந்தால், பெரும்பாலும் டீசல் ஃபில்டரில் அடைப்பு.

காரணத்தை இயற்பியல் எனக்குச் சொன்னது. ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்தப்படும் காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற, தெளிக்கப்படும் டீசல் தீப்பொறியின்றியே பற்றுகிறது. காற்று குறைந்தால் அரைகுறையாய் எரிந்து கரியாகிறது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 லாரிகளில் வடிகட்டி கரியைப் பிடித்துக்கொள்வதால் புகை பேசுவதில்லை. ஸ்கேனர் ஆங்கிலத்தில் பேசுகிறது. பள்ளி சென்றறியாத தந்தைக்கு அதை நான் படித்துச் சொல்கிறேன். எங்கே கைவைப்பதென்று அவர் சொல்கிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டப்படிப்பு, உண்மையில் அந்தப் பட்டறையில்தான் தொடங்கியது.