எட்டுக் குடம்

தென்னைநார்க் கழிவை அப்படியே பைக்குள் கொட்டக் கூடாது. 5 கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டால் ராத்திரிக்குள் ஊதிப் பெருத்து டப்பை நிறைத்துவிடும். ஆனால் அதில் உப்பு இருக்கும். செம்பழுப்புச் சாயம் தெளிகிறவரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். யூட்யூபில் மாடித்தோட்டம் சொல்லித்தரும் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அலச எத்தனை பக்கெட் தண்ணீர் ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நாங்கள் மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா போன பிறகு அம்மா அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னோடு வந்துவிட்டாள். முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு துணிப்பையில் விதைகளோடு வந்தாள். ஆறு மாதத்தில் மாடியில் நாற்பது பைகள் ஆயின. ஓனரம்மாவுக்கு ஒழுகல் பயம். எனக்கு வேறு பயம். நனைந்த பை ஒன்றை எடைபோட்டுப் பார்த்தேன், 16 கிலோ. நடமாடுகிற மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கட்டடக் கணக்கில் வைப்பார்கள். அதனால் பைகளை நடுவில் கூட்டமாக வைக்காமல், கீழே சுவர் போகிற கோட்டின் மேலேயே வரிசையாக, செங்கல் மேல் தூக்கி வைத்தோம்.

"இத விவசாயம்னு வெளிய சொல்லிடாதடி, சிரிப்பாங்க" என்பாள் அம்மா. அவள் சொன்னது சரிதான். மொட்டை மாடிகள் சென்னைக்குச் சோறு போடும் என்று எழுதுகிறவர்கள் நாற்பது பையில் என்ன வரும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டு பேர் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீசனில் தக்காளி. அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கடையில்தான். ஆனாலும் அம்மா காலையில் ஐந்து மணிக்கு மாடிக்குப் போவதை நான் ஒருநாளும் பொழுதுபோக்காக நினைத்ததில்லை.

பிறகு 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போயின. ஆபீஸ் கழிப்பறைக்கே தண்ணீர் இல்லை என்று எங்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். எங்கள் கட்டடத்துக்கு லாரி வந்தால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குடம் என்று பேச்சு. கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்தார். "குடிக்கவே இல்ல, நீங்க செடிக்கு ஊத்துறீங்க. நல்லாவா இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பங்கில் நாங்கள் என்ன செய்தால் இவருக்கென்ன? அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "அவ கேக்கறது நியாயந்தான்" என்றாள்.

மறுநாள் காலை அம்மா மாடியில் பைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். தக்காளி, புதினா, பாலக்கு ஒரு பக்கம். அவற்றுக்கு இனி தண்ணீர் கிடையாது. பெரிய தொட்டியிலிருந்த கறிவேப்பிலைக்கு அரிசி கழுவின தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீரை ஊற்றலாமே என்றேன். அது உப்பு, கீரை ஓரம் கருகினதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வீடு துடைக்க மட்டும் அது. கடைசியாக நான்கு பை முள்ளுக்கத்தரிக்கு, காய்கறி அலம்பின தண்ணீரை ஆளுக்கு ஒரு சொம்பு.

எங்கள் பக்கத்துக் கத்தரி அது. காம்பில் முள் இருக்கும், எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும். 2023இல் வேலூர் முள்ளுக்கத்தரி என்று புவிசார் குறியீடெல்லாம் கிடைத்தது. அப்போது அது ஊர்க் கத்தரி, அவ்வளவுதான்.

பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி என் குளியல் தண்ணீரில் பாதியைக் கொண்டுபோய் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

"நாலு நாள் கழிச்சு எத ஊத்துவ? கெணறு வத்துனா எந்த வயல விடறதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிடணும். எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்துனா எல்லாமே போயிடும்." பாலாறு மணலாகக் கிடந்த வருஷங்களில் அவளும் அப்பாவும் எதையெதை விட்டார்கள் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னாள். ஒரு வருஷம் நெல்லை விட்டார்கள். ஒரு வருஷம் மாட்டை.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டிவியில் மாலை போட்ட இன்ஜினைக் காட்டினார்கள். மேட்டூரிலிருந்து குழாயில் எங்கள் மாவட்டத்துக்கு வருகிற காவிரித் தண்ணீர். ஜோலார்பேட்டை அப்போது வேலூர் மாவட்டம். ஊரில் சித்தி வாரத்துக்கு ஒருமுறை வருகிற குழாய்க்குக் குடத்தை வரிசையில் போட்டு வைத்துக் காத்திருப்பதைப் போனில் சொன்னாள். அம்மா டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். கத்தரிக்கு ஊற்ற வைத்திருந்த சொம்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஊற்றினாள்.

தக்காளி, புதினா எல்லாம் போயின. கத்தரியில் இரண்டு செடி நின்றது. அதில் மூன்று காயைப் பறிக்காமல் விட்டு, மஞ்சளாகப் பழுத்ததும் பிசைந்து விதையெடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள். அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டதும் நாற்று விட்டாள். கீழ்வீட்டு அக்கா வந்து கொஞ்சம் விதை கேட்டார். பேப்பரில் மடித்துக் கொடுத்தாள். மிச்சத்தில் பாதியை மறுபடி சாம்பல் டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"அதான் மழை வந்துடுச்சேம்மா, எல்லாத்தையும் போட்டா என்ன?"

"வந்துச்சு" என்றாள், டப்பாவை அலமாரி மேல்தட்டில் வைத்தபடி.